கடைசிப் பாட்டின் உறுமல்

'சம்மட்டி' என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. கிட்டார் தந்திகளைத் தளர்த்தி, கேட்பவர் நெஞ்சு அதிரும்படி வாசித்திருந்தார்கள். டிரம்மின் பெடல்களை இரண்டு காலாலும் மிதித்து அடித்திருந்தார்கள். பிடிக்காதவர்கள் இதை வெறும் சத்தம் என்பார்கள். அவர்களோடு நமக்கு வம்பு வேண்டாம்.

பாடகர் இளவழகனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பகலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கடைசிப் பாட்டை, பைக் விபத்தில் இறந்துபோன தம்பி குமணனுக்காக அவரே எழுதியிருந்தார். அதை மெட்டல் பாணியில், அடித்தொண்டையிலிருந்து உறுமலாகப் பாட வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி, துப்பினால் ரத்தம் வந்தது.

"இன்னிக்கும் உறுமல் சரியா வரலைன்னா நானே பாடிடுறேன்ணே," என்று கிட்டார் வாசிக்கும் ரூபன் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. வாடகைக்கு எடுத்த ஸ்டுடியோ அன்றோடு கைவிட்டுப் போகிறது.

உறுமலைக் கற்றுக்கொடுப்பவள் மார்த்தா. இளவழகனைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் அவர் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அன்று கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

"மாஸ்டர், இன்னும் எவ்வளவு கத்தணும்? தம்பிக்குக் கேக்கணும். அது போதும் எனக்கு."

மார்த்தா எழுந்தாள். தூங்கும் குழந்தையோடு பாடும் அறைக்குள் போய், மைக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"பாடுங்கண்ணா. பாப்பா முழிக்கக் கூடாது."

"விளையாடுறீங்களா?"

"இவளைத் தூங்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுப்பிவிட்டா நீங்கதான் தூக்கிட்டு நடக்கணும்."

இளவழகன் ஹெட்போனை மாட்டினார். இசை அதற்குள் மட்டும் ஓடியது. குழந்தையை ஒரு தடவை பார்த்தார். உதடு மைக்கில் படுகிற அளவுக்கு நெருங்கி, வயிற்றில் மூச்சைப் பிடித்து, மெல்ல உறுமினார். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற அளவுக்குத்தான் சத்தம். தம்பியின் பெயர் வரும் இடத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்காமல் பாடி முடித்தார். குழந்தை ஒரு முறை சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கியது.

வெளியே வந்து எல்லோருமாகக் கேட்டார்கள். மைக் பெரிதாக்கிக் கொடுத்த அந்த மெல்லிய உறுமல், ஸ்பீக்கரில் கிட்டார்களையும் டிரம்மையும் அடக்கிக்கொண்டு எழுந்தது. அப்படியொரு துக்கம் அதில் இருந்தது. ரூபன் அதை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டான்.

"இதையே வச்சிக்கலாம்ணே," என்றான்.

இளவழகனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"மாஸ்டர், நான் கத்தவே இல்லையே. இது தம்பிக்கு எப்படிக் கேக்கும்?"

மார்த்தா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பக்கத்துல இருக்கிறவர்கிட்ட எதுக்குண்ணா கத்தணும்?"