கரண்ட் வந்தால் கெட்டிமேளம்

விளாத்திகுளம் போகும் சாலையில், உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே பலவேசம் வீடியோ விஷன் என்றொரு கடை இருந்தது. பலவேசம் முதலாளி. கொம்பையா கேமரா பிடிப்பவர். இசக்கிராஜ் கம்ப்யூட்டரில் உட்கார்பவர். மூன்று பேருமே நல்லவர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதற்கு மேல் யோசிப்பது அடுத்தவர் வேலையில் தலையிடுவது என்பது அவர்கள் கொள்கை.

கல்யாண கேசட் போய் டிவிடி வந்த காலம் அது. டிவிடியைப் போட்டதும் டிவியில் முதலில் ஒரு மெனு வரும். நிச்சயதார்த்தம், தாலி கட்டு, விருந்து என்று பட்டன்கள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காட்சி திரும்பத் திரும்ப ஓடும். ரிமோட்டில் வேண்டிய பட்டனை அமுக்கினால் அந்தப் பகுதி வரும்.

ஆவுடையப்பன் தன் மகள் கோமதியின் கல்யாண டிவிடிக்கு அப்படி ஒரு மெனு கேட்டார். கேட்கும்போதே அவர் முகத்தில் கவலை இருந்தது. சம்பந்தி பிரம்மசக்தி அம்மாள் சகுனம் பார்ப்பவர். பூனை குறுக்கே போனதற்காக நிச்சயதார்த்தத்தையே தள்ளி வைத்தவர்.

"ஞாயித்துக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு மதினி வாராங்க. டிவிடியப் பாத்துட்டு, அன்னைக்கே கோமதியக் கூட்டிட்டுப் போறதா பேச்சு. அதுல ஒரு அபசகுனம் தெரிஞ்சாப் போதும், பிள்ளைய இங்கனயே விட்டுட்டுப் போயிருவாங்க. பாத்துச் செய்யுங்கப்பா. இதுல நான் முக்கியமில்ல, மதினிதான் முக்கியம்" என்றார்.

"மெனுவுக்குப் பின்னால என்ன ஓடணும் அண்ணாச்சி?" என்று கேட்டார் பலவேசம்.

"தாலி கட்டுறதுதான். அதவிட மங்களமா வேற என்ன இருக்கு?"

பலவேசம் தலையாட்டினார். அவர் நன்றாகத் தலையாட்டுவார்.

மெனு செய்யும் சாப்ட்வேரை விற்ற மதுரைக்காரர் போனில் வழி சொன்னார். "டிவி எப்பவும் படத்தோட ஓரத்தக் கொஞ்சம் முழுங்கிரும். முக்கியமான எதையும் ஓரத்துல வைக்காதீங்க" என்பது முதல் விஷயம்.

தாலிக் காட்சியைச் சுற்றி இரு வீட்டார் முகங்களையும் வைக்க வேண்டியிருந்தது. மூவரும் டீ வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தார்கள்.

"அப்ப முக்கியமில்லாத ஆளத்தான் ஓரத்துல வைக்கணும்" என்றார் கொம்பையா.

"யாரு முக்கியமில்லன்னு நாம எப்படிலே சொல்ல முடியும்? கல்யாண வீடு. அடிக்க வருவாங்க" என்றார் பலவேசம்.

"ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் அவரே சொன்னாரே, நான் முக்கியமில்லன்னு."

"ஆமாலே! நமக்குச் சிரமம் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிட்டுப் போயிருக்காரு. பெரிய மனுசன்."

பெண்ணைப் பெற்றவரை ஓரத்தில் வைத்தார்கள். டிவியில் போட்டுப் பார்த்தபோது அவருடைய வலது காது மட்டும் தெரிந்தது.

மதுரைக்காரர் சொன்ன இரண்டாவது விஷயம், பார்த்து முடித்தவர்கள் வெளியேற ஒரு பட்டன் வேண்டும் என்பது. இசக்கிராஜ் 'வெளியே போ' என்று அடித்தார்.

"சம்பந்தியம்மாவைப் பாத்து வெளிய போன்னா சொல்லுவே?" என்றார் பலவேசம்.

'போகிறோம்' என்று மாற்றினார்.

"விருந்துக்கு வந்த வீட்டுல யாராச்சும் போறேன்னு சொல்லுவாவளா? அபசகுனம்லா? போயிட்டு வாரேன்னுதான் சொல்லணும்."

'போயிட்டு வாரோம்' என்று அடித்து முடித்தார். எழுத்து அழகாக வந்திருந்தது. கொம்பையா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அமுக்கினா எங்கடே போகும்?"

"டிவிடி நின்னு போகும்."

"நின்னு போச்சுன்னா திரும்பி வராதுல்லா? போயிட்டு வாரோம்னு சொல்லிட்டு வராம இருந்தா அது பொய்தான?"

மங்கள காரியத்தில் பொய் கூடாது என்பதை மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பட்டனை அமுக்கினால் மறுபடி மெனுவுக்கே வரும்படி செய்துவிட்டார்கள்.

மூன்றாவது விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. "மெனுவுக்குப் பின்னால ஓடுற படம் முடிஞ்சதும் முதல்ல இருந்து ஓடும். ஆரம்பமும் முடிவும் ஒரே மாதிரி இருந்தாத்தான் எகிறிக் குதிக்காம ஓடும்" என்று சொல்லியிருந்தார்.

இசக்கிராஜ் காட்சியை ஓட்டிக் காட்டினார். ஆரம்பத்தில் கோமதி கழுத்தில் தாலி இல்லை. முடிவில் இருந்தது.

"இது ஒரே மாதிரி இல்லையே" என்றார் பலவேசம்.

"இல்லதான்."

"முடிவுல தாலி இல்லாம இருந்தா சரியாயிருமோ?"

"மாப்பிள்ளைட்ட கேட்டுப் பாப்போமா? ஒரு நிமிசம் கழட்டினாப் போதும், ஒரே ஷாட்டுல எடுத்துருவேன்" என்றார் கொம்பையா.

"கொன்னே போட்டுருவாவ."

பிறகு இசக்கிராஜ் மெல்லச் சொன்னார்: "முதலாளி, நாம எதுக்குக் கழட்டணும்? படத்த முன்னால ஒரு தடவ ஓட்டி, அப்படியே பின்னால ஓட்டினா அதுவே கழண்டுக்கிடும். நம்ம கை படாது."

அப்படியே செய்தார்கள். மாப்பிள்ளை தாலி கட்டினார். அட்சதை விழுந்தது. உடனே விழுந்த அட்சதை மேலே கிளம்பி அவரவர் கைக்குத் திரும்பிப் போனது. மாப்பிள்ளை முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தாலியை ஐயரிடம் பத்திரமாகக் கொடுத்தார். ஐயர் அதைத் தட்டில் வைத்தார். தட்டு பெரியவர்கள் கைமாறிப் பின்னாலேயே போனது. மறுபடி முன்னால் வந்தது. எகிறிக் குதிக்கவே இல்லை.

"அரிசி கூட வீணாகலலே" என்று பலவேசம் கண் கலங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை. டிவிடியைப் போட்டுக் காட்ட மூவரும் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிரம்மசக்தி அம்மாள் டிவிக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். கோமதியின் பெட்டி வாசலருகே தயாராக இருந்தது. மெனு வந்தது.

"அண்ணன எங்க காணோம்?" என்றார் அம்மாள்.

"அந்தா, காது" என்று கொம்பையா தொட்டுக் காட்டினார்.

தாலி ஏறியது. அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். தாலி இறங்கியது. அம்மாள் எழுந்துவிட்டார்.

"ஏன் அண்ணே, என் மகன் கட்டின தாலிய அவன் கையாலேயே அவுக்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கியளோ? ஏல, எந்திரி. நாம போவோம். இந்தப் பிள்ள இங்கயே இருக்கட்டும்."

கோமதி அழத் தொடங்கினாள். "அத நிறுத்துங்கலே!" என்று ஆவுடையப்பன் கத்தினார். இசக்கிராஜ் 'போயிட்டு வாரோம்' பட்டனை அமுக்கினார். போயிட்டு வந்தது.

"கோவப்படாதீங்கம்மா. ஒரு நிமிசம் பொறுங்க, இந்தா கட்டிருவாரு" என்றார் பலவேசம்.

சொன்னபடி படத்தில் மாப்பிள்ளை கட்டினார். அம்மாள் உட்கார்ந்தார். அவிழ்த்தார். அம்மாள் எழுந்தார். கட்டினார், உட்கார்ந்தார். அவிழ்த்தார், எழுந்தார். மாப்பிள்ளையும் தாயோடு சேர்ந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

"அம்மா ஆரம்பிச்ச இடத்துலயே முடிக்காங்க, பாத்தியா? குதிக்கவே இல்ல" என்று கொம்பையா இசக்கிராஜ் காதில் பாராட்டினார்.

ஆவுடையப்பன் ரிமோட்டைப் பிடுங்கி, அம்மாள் உட்கார்ந்திருந்த ஒரு நேரம் பார்த்து, கைக்குக் கிடைத்த பட்டனை அமுக்கினார். படம் அப்படியே நின்றது. கழுத்தில் தாலி, காற்றில் அட்சதை.

பிரம்மசக்தி அம்மாள் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். தாலி அசையவில்லை.

"இது இப்படியே நிக்கட்டும். அவுந்ததுன்னு கேள்விப்பட்டேன், பிள்ளையக் கொண்டாந்து விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு, மருமகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் புறப்பட்டார்.

மறுநாள் காலை கரண்ட் போனது. வந்ததும் டிவிடி முதலிலிருந்து ஓடியது. கோமதியின் கழுத்து வெறுமையாக இருந்தது. ஆவுடையப்பன் அலறிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

அன்றிலிருந்து மூவரில் ஒருவர் மாற்றி ஒருவர் ரிமோட்டோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கரண்ட் வந்து படம் ஓடி, முடிச்சு விழும் நேரத்தில் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் கொடுப்பார்கள். வீட்டிலிருப்பவர்கள் ஓடி வந்து டிவி மேல் அட்சதை போடுவார்கள். உடனே பட்டனை அமுக்கிவிடுவார்கள்.

டிவிடியையே வெளியே எடுத்துவிட்டால் என்ன என்று ஆவுடையப்பன் ஒருமுறை கேட்டார். பலவேசம் ஆழமாக யோசித்தார். "எடுக்கலாம் அண்ணாச்சி. ஆனா கட்டின நிலையிலதான் எடுத்தோம்னு மதினிட்ட யாரு சாட்சி சொல்லுவா?"

அது நியாயமாகத்தான் பட்டது.

தூத்துக்குடியிலும் ஒழுங்கு தவறுவதில்லை. ஆவுடையப்பன் வீட்டில் கரண்ட் போனதாகத் தகவல் வந்தால், எப்படியும் திரும்பக் கட்டிவிடுவார்கள் என்பதால் பிரம்மசக்தி அம்மாள் மருமகளைக் கொண்டுவந்து விடுவதில்லை; கட்டி முடியும்வரை மகனை எழுப்பித் தெருவில் நிறுத்திவிடுவார். கல்யாணம் ஆகாத பையன் ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் இருக்கலாமா?

போன வாரம் நல்ல மழை. கரண்ட் போய் வெகுநேரம் கழித்து வந்தது. ரிமோட்டோடு உட்கார்ந்திருந்த கொம்பையாவுக்குப் போன் வந்தது. மாப்பிள்ளைதான்.

"அண்ணாச்சி, கட்டியாச்சா? இங்க மழை கொட்டுது. தொப்பலா நனைஞ்சிட்டேன்."

கொம்பையா டிவியைப் பார்த்தார். தட்டு இப்போதுதான் பெரியவர்கள் கைமாறி வந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஐயர் கைக்கு வரல மாப்பிள்ள. அதுக்குள்ள நல்லாத் தலையத் துவட்டிக்கிடுங்க. ஈரக் கையோட தாலி கட்டினா, அம்மா சகுனம் சரியில்லம்பாங்க."