தளவாய் கொடுத்த பியூஸ் கட்டை

மூன்று வருஷமாக ஆவுடையப்பன் அண்ணாச்சி மடத்துச் சாமியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பாவம் எப்போ தீரும் சாமி?"

சாமி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. கேட்டுக்கொள்வார். பிறகு, வெந்நீர் காய்ந்துவிட்டதா என்று என்னைக் கேட்பார். எனக்குப் பொறுக்காது. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் குறைந்தா போய்விடும் என்று அடுப்படியில் முணுமுணுத்துக்கொள்வேன்.

நான் வடிவு. ஆற்றங்கரை மடத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சமையல் பார்க்கிறேன். சோறு ருசி, வாய்தான் காரம் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அண்ணாச்சி செய்த தப்பு என்னவென்று மடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரே வந்த அன்றைக்குச் சொல்லிவிட்டார். அம்பாசமுத்திரத்தில் அவருக்குச் சொந்த வீடு, பாத்திரக்கடை. ஒரு மத்தியானம் வீட்டில் ஃபேன் மாட்ட தளவாய் என்கிற எலக்ட்ரீஷியன் வந்திருக்கிறார். மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி வேலை பார்த்தவர், நடுவில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அதைப் பார்த்த அண்ணாச்சி, வேலை முடிந்தது என்று நினைத்து மெயினைப் போட்டுவிட்டார். நல்ல புழுக்கம், வேறு காரணம் ஒன்றும் இல்லை. அதற்குள் தளவாய் கடைசி இணைப்பைக் கொடுக்க மறுபடி ஏறியிருந்தார். கரண்டு அவரைத் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

தளவாய் ஒரு வருஷத்தில் தேறி, மிச்சமிருந்த எட்டு விரலோடு வேலைக்குத் திரும்பிவிட்டார். அண்ணாச்சிதான் தேறவில்லை. கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து ஒரு சுவிட்சைத் தொட்டது கிடையாது. அறுபத்திரண்டு வயது மனுஷர், பொழுது சாய்ந்தால் அறையில் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். விளக்கைப் போடுவதும் நான்தான், அணைப்பதும் நான்தான். திட்டிக்கொண்டே செய்வேன்.

அந்த ஐப்பசி மழையில் மடத்துச் சுவரெல்லாம் ஊறிப்போய், குழாயடியில் கை கழுவிய ஒரு அம்மாவுக்கு ஷாக் அடித்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பயந்துபோனாள். மடத்தில் இருந்ததெல்லாம் சுவரில் அடித்த மரச்சட்டத்துக்குள் ஓடுகிற அந்தக் காலத்து வயர்.

அன்றைக்குச் சாயந்திரமும் அண்ணாச்சி தன் கேள்வியைக் கேட்டார். என்ன அதிசயமோ, சாமி வாயைத் திறந்தார்.

"மடம் பூரா வயரிங் மாத்தணும் அண்ணாச்சி. தளவாயைக் கூட்டிட்டு வாங்க."

சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். தன் சீடர்தான் என்றாலும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கைராசியான ஆள் ஒருத்தர் இருக்கிறார், போன் போட்டால் உடனே வருவார் என்று இழுத்தார்.

"தளவாய் வேலை எப்படி?"

"சுத்தமான வேலை சாமி. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"அப்புறம் என்ன?"

மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணாச்சி கிளம்பினார். பொழுது சாயத்தான் திரும்பினார். அங்கே நடந்ததை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தளவாயின் எலக்ட்ரிக் கடைக்கு எதிரே இரண்டு மணி நேரம் ரோட்டோரமாக நின்றிருக்கிறார். கடைசியில் தளவாய்தான் இறங்கி வந்து, வெயிலில் எதற்கு நிற்கிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். எத்தனை அறை, மீட்டர் எந்தப் பக்கம், சுவர் எத்தனை நாளாக ஷாக் அடிக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"வேற ஒண்ணுமே பேசலையா?" என்றேன்.

"பேசலை."

"நீங்களாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"நாக்கு எழும்பலை வடிவு."

தளவாய் சொன்னபடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, காலில் தடித்த ரப்பர் செருப்பு. டெஸ்டரை வைத்துச் சுவர் சுவராகப் பார்த்தார். குழாயடியில் டெஸ்டர் விளக்கு எரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த வலது கையைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கண் அங்கேதான் போனது.

பிறகு மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். வெள்ளைப் பீங்கான் கட்டை, உள்ளங்கையில் அடங்கும். அதைப் பிடுங்கிவிட்டால் யார் எந்த சுவிட்சைப் போட்டாலும் கரண்டு வராது. எந்த எலக்ட்ரீஷியனும் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார். கோயில் வேலைக்கு வந்தவர்களிடம் நான் பார்த்திருக்கிறேன்.

தளவாய் பையில் போடவில்லை. என்னைத் தாண்டினார். சாமியைத் தாண்டினார். தூணுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அண்ணாச்சி முன்னால் போய் நின்றார்.

"இதைப் பிடிங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"நான் மேல ஏறணும். நேரமாகுது, பிடிங்க."

அண்ணாச்சி, கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினார். போய் மெயின் பெட்டிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தளவாய் ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு மனசு ஆறவில்லை. பின்னாலேயே போனேன். பட்டும் புத்தி வரவில்லையா, அதைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேவிட்டேன். தளவாய் பழைய வயரை உருவிக்கொண்டே பதில் சொன்னார். அன்றைக்கு அண்ணாச்சி வீட்டில் இரண்டு நிமிஷ வேலைதானே என்று மெயினை மட்டும் அணைத்துவிட்டு ஏறினாராம். கட்டையைப் பிடுங்காதது தன் தப்பு என்றார். அதற்கப்புறம் பிடுங்காமல் ஏறுவதில்லை. ஆனால் பையில் கிடந்தால் கட்டைதான் பத்திரம், பெட்டிக்குப் பத்திரம் இல்லை, அவசரக்காரன் எவனாவது இன்னொரு கட்டையைக் கொண்டுவந்து சொருக எவ்வளவு நேரம் ஆகும் என்றார். பெட்டிக்கு ஒரு ஆள் காவல் வேண்டுமாம்.

"அதுக்கு இவருதான் கிடைச்சாரா?"

தளவாய் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருகிட்ட குடுத்தாலும் ஒரு நிமிசம் மறந்துருவாங்க அக்கா. அவரால மறக்க முடியாது."

சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நான் வாயடைத்துப்போய் அடுப்படிக்கு வந்தேன். என் வாயை அடைத்தவர் அந்த மடத்தில் அதுவரை யாரும் இல்லை.

விடிந்தால் பௌர்ணமி. நூறு பேருக்கு இட்லி ஆகவேண்டும். அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தது, கிரைண்டருக்குக் கரண்டு இல்லை. மத்தியானம் எட்டிப் பார்த்தால் தளவாய் ஏணியை விட்டு இறங்கிக் கிணற்றடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று நினைத்தேன். முன்வாசலுக்கு ஓடினேன். அண்ணாச்சி காலையில் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தார். இலை போட்டுக் கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

தளவாய் இறங்கிவிட்டார், ஒரு ஈடு மாவு ஆட்டிக்கொள்கிறேன், கட்டையைச் சொருகுங்கள் என்றேன்.

அண்ணாச்சி கட்டையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

இன்னொரு தடவை சொன்னேன். நூறு பேர் வந்து வெறும் இலையைப் பார்க்கவா என்று கேட்டேன். அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நாக்கில் சனி உட்கார்ந்தது என்பார்களே, அன்றைக்கு எனக்கு அதுதான்.

"போடக் கூடாத நேரத்துல போட்டீங்க. போட வேண்டிய நேரத்துல உட்கார்ந்திருக்கீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அண்ணாச்சி கண் கலங்கவில்லை, கோபப்படவும் இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"கிணத்தடியில."

"பார்த்துட்டு வா வடிவு."

வீம்புக்குத்தான் போனேன். கிணற்றடியில் காலி டம்ளர் மட்டும் இருந்தது. கூப்பிட்டேன், சத்தம் இல்லை. சாமான் அறைக்குள் ஏணி சாத்தியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சில் குப்புறப் படுத்துக்கொண்டு தளவாய் வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் தோல் உரித்த வயர். செம்புக் கம்பி பளபளவென்று இருந்தது. விரல் இல்லாத இடத்தில் கம்பியை இடுக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்டேன் என்று அவர் கட்டையைச் சொருகியிருந்தால் என்ற நினைப்பு வந்தது. மூன்று வருஷமாக அந்த மனுஷர் என்னத்தைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அந்த மூட்டை மேல் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. நான் செய்யாத தப்புக்கே எனக்குக் குலை நடுங்கியது.

திரும்பி முன்வாசலுக்குப் போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அது போதுமாக இருந்தது. தரையில் விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது. நானாவது, விழுவதாவது. ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு மாவை ஆட்டுரலில் ஆட்டினேன். தோள்பட்டை இற்றுப்போனது, அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் முறையிடவில்லை.

சாயந்திரம் தளவாய் இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார். அடுப்படியும் முன்கட்டும் முடிந்தது, பின்கட்டு வேலை இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றார். பிறகு மெயின் பெட்டிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் கீழ வந்துட்டேன் அண்ணாச்சி. சொருகுங்க."

அண்ணாச்சி எழுந்தார். காலையிலிருந்து மடக்கியிருந்த கால் மரத்துப்போய்த் தடுமாறினார். தளவாயை உச்சி முதல் கால்வரை பார்த்தார். தரையில் இருக்கிற அந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். ஏணியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அதில் யாரும் இல்லை. திரும்பவும் தளவாயைப் பார்த்தார். தளவாய் அவசரப்படுத்தவில்லை.

அண்ணாச்சி கட்டையைச் சொருகினார். மெயினைப் போட்டார்.

முன்கட்டு பூராவும் வெளிச்சம் வந்தது. அந்த மடத்தில் பன்னிரண்டு வருஷமாக ராத்திரிதோறும் விளக்கு எரிவதைப் பார்க்கிறவள் நான். அன்றைக்குப் புதிதாகப் பார்ப்பவள்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தளவாய் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"காலையில ஒம்பது மணிக்கு வாரேன் அண்ணாச்சி. கட்டையை நீங்கதான் பிடிக்கணும்."

மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். வண்டிச் சத்தம் பாலம் தாண்டுகிறவரை அண்ணாச்சி வாசலைப் பார்த்தே நின்றார். பிறகு அழுதார். மூன்று வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அப்படியே சாமி முன்னால் போய் உட்கார்ந்தார்.

"சாமி, அவரு என்னை மன்னிச்சிட்டாரா?"

"நாளைக்குக் கட்டையை யாரு பிடிக்கணும்னாரு?"

"நான்தான்னாரு."

சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அப்போ கையை நல்லாத் துடைங்க அண்ணாச்சி. ஈரக்கையோட அதைத் தொடக் கூடாது."