கூடு கட்டாத தோட்டம்

“நன்றி கெட்ட ஜென்மங்கம்மா இந்தக் குருவிக,” என்றார் திருமேனி.

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த மடத்தின் குரு அவள்தான். திருமேனியைவிடப் பதினைந்து வயது இளையவள்.

“ஆறு வருசம். அத்தி வச்சேன், நுணா வச்சேன், கிளாவும் இலந்தையும் வச்சேன். எல்லாம் நாட்டு மரம். பழத்த மட்டும் இங்க வந்து திங்குது. கூட்ட மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டுது. யாருமே வைக்காத சங்கம்புதருல, அந்த முள்ளுச்செடில.”

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. தோட்டத்தில் முதல் கூடு அமைகிற அன்று தீட்சை என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அவருக்குப் பின்னால் வந்த நாலு பேர் தீட்சை வாங்கி ஊருக்கு உபதேசம் பண்ணவும் கிளம்பிவிட்டார்கள். இவர் இன்னும் மண்வெட்டியும் கையுமாக நின்றார்.

“புழு கடிச்ச இலை ஒண்ணு பறிச்சிட்டு வாங்க ஐயா.”

திருமேனி தோட்டம் முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

“எப்படி இருக்கும்? தினம் விடிஞ்சதும் ஒவ்வொரு இலையாப் புரட்டிப் புழுவ எடுத்திருதேனே.”

“எடுத்து?”

அவருக்குச் சுருக்கென்றது.

“கொன்னுட்டேன்னு நெனச்சீயளா? மடத்துச் சோறு திங்கிறவன் நான். ஓலைப்பெட்டில தழையப் போட்டு, ஒண்ணொண்ணா எடுத்து வச்சு, வெளிய அந்தச் சங்கம்புதருல விட்டுட்டு வாரேன். ஆறு வருசத்துல ஒரு உசுரு என் கையால போனதில்ல.”

“விட்டதும்?”

“வந்து குளிப்பேன். பூசைக்கு நேரமாயிரும்லா.”

“நாளைக்குக் குளிக்க வேண்டாம். அங்கனயே நில்லுங்க.”

இத்தனை வருட உழைப்புக்கு இதுதான் பதிலா என்று அன்று அவர் சாப்பிடவில்லை. சோற்றிடம் கோபித்து என்ன பயன்? அது பூனைக்குப் போயிற்று.

மறுநாள் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு நின்றார்.

புதருக்குள்ளிருந்து ஒரு கொண்டைக்குருவி இறங்கியது. தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல் அவரை ஒரு தரம் பார்த்தது. பச்சைப் புழு ஒன்றைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போனது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன. குருவி திரும்பி வந்தது. போனது, வந்தது. அவர் கொண்டுவந்த புழுக்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

திருமேனி மடத்துக்குள் ஓடினார்.

“கொல்லுதும்மா. அத்தனையையும் கொல்லுது. நான் கையால கொண்டுபோயி...”



“பந்தி எங்க நடக்குதோ அங்கதான குருவி குடியிருக்கும்,” என்றாள் உலகம்மாள். “குஞ்சு எத்தன ஐயா?”

“மூணு,” என்றார் அவர். “நல்லாக் கொழுத்திருக்கு.”

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.