இடது மூலை

கரட்டடி மடத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. ஓட்டுகிறவன் சோலைமலை. அறுபதைத் தாண்டியவன். அவன் குரு கரட்டுச் சாமிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. மனைவி ஒச்சம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, வண்டியோடு வந்து மடத்தில் சேர்ந்துகொண்டான். அவனுடையது என்று மிச்சமிருந்தது அந்த வண்டிதான்.

மடத்து ஆட்கள் அதில் ஏறுவார்கள். பின்னால்தான். முன்னால் இடதுபக்கச் சீட்டில் ஒருத்தரையும் உட்கார விடமாட்டான். கேட்டால், "ஈரம்" என்பான்.

தொட்டுப் பார்த்தால் ஈரம்தான். ஐப்பசியிலும் ஈரம், சித்திரையிலும் ஈரம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில், வண்டி மேடேறும்போது, முன்கண்ணாடியின் இடது மூலையிலிருந்து விழும். சொட். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட். ஒவ்வொரு சொட்டுக்கும் சோலைமலை "ம்" கொட்டிக்கொண்டு ஓட்டுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அவர்கள் எங்கே போவதானாலும் நடந்தே போனார்கள்.

ஒரு நாள் சமையல்கார வெள்ளத்தாயிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சோலைமலை அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, வெயிலில் காய்ந்து கிடந்த பின்பக்கத் தகரத்தில் உட்கார வைக்கப் பார்த்தான்.

"அடேய், சுடுதுடா! என்னை அப்பளமாப் பொரிக்கவா கூட்டிட்டுப் போறே?"

சத்தம் கேட்டுச் சாமி வந்தார்.

"முன்னால ஏத்து."

"ஈரம், சாமி."

"ஈரத்துல கரைஞ்சு போற உடம்பா அவளுக்கு?"

சோலைமலை இடதுபக்கக் கதவுக்குக் குறுக்கே நின்றான். நகரவில்லை.

"சொல்லித் தொலை" என்றார் சாமி.

"ஒச்சம்மா இருக்கா."

வெள்ளத்தாயி முழங்காலை மறந்து இரண்டடி பின்னால் போனாள்.

"மழை பேஞ்சா அந்த மூலை ஒழுகும் சாமி. அவ முந்தானையைக் கிழிச்சுத் திணிச்சு, கையால அமுக்கிக்கிட்டே வருவா. எத்தனை மைல் ஆனாலும் கையை எடுக்க மாட்டா. பின்கதவு விழுந்து சுண்டுவிரல் மடங்கிப்போன கை அது. அந்த விரல் நிமிராது. அவ போனப்புறம் பசை வாங்கிப் பூசினேன். மேல மேல பூசினேன். நிக்கல. கொளுத்துற வெயில்லயும் சொட்டுது. அப்பத்தான் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"அவதான்னு."

சாமி உள்ளே போய் ஒரு புது ரப்பரைக் கொண்டுவந்தார். கண்ணாடியைச் சுற்றிப் போடுகிற ரப்பர். வாங்கி வைத்து வருஷமாகிறது. மாற்றவிடாமல் இழுத்தடித்தது சோலைமலைதான்.

"அடைச்சுட்டா அவ எப்படி வருவா, சாமி?"

சாமி திருப்புளியை நீட்டினார்.

"முடிங்கப்பா. டாக்டர் சாயங்காலந்தான் வருவார். நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல" என்று வெள்ளத்தாயி வேப்பமரத்தடிக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள்.

காய்ந்த பசையைச் சுரண்டவே வெகுநேரம் ஆனது. பழைய ரப்பரின் உதட்டை நெம்பியதும், உள்ளே நின்ற தண்ணீர் வடிந்தது. கறுப்புத் தண்ணீர். நாற்றம். இடது மூலையில் உப்பிப்போன ஒரு துணி. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும்.

"தினமும் வண்டியைக் கழுவுறே. மேல எங்கயோ தண்ணி நுழையுது. இந்தத் துணி குடிக்குது. வெளிய வடிய விடாம நீ பூசி வச்சிருக்கே. மேட்டுல சாயுறப்போ உள்ள சொட்டுது."

சோலைமலை துணியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

"அப்போ வெறும் தண்ணியா, சாமி?"

"தகரத்துல துரு இருக்கு. சுரண்டு."

கண்ணாடியைக் கழற்றி, அதைச் சுற்றிப் புது ரப்பரை மாட்டினார்கள். அதன் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றை ஓட்டினார்கள். கண்ணாடியைத் தூக்கி இடத்தில் சாய்த்து, கயிற்றின் முனைகளை உள்ளே தொங்கவிட்டு, சோப்பு நுரையை அள்ளிப் பூசினார்கள். இது இரண்டு ஆள் வேலை. உள்ளே இருப்பவன் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி மடியும். அதே இடத்தில் வெளியிலிருந்து இன்னொருவர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வரவேண்டும். அழுத்தாவிட்டால் ஏறாது. முரட்டுத்தனமாக இழுத்தால் கண்ணாடி போய்விடும்.

சாமி வெளியே நின்றார். சோலைமலை உள்ளே போனான். இடது மூலை எட்ட வேண்டுமானால் இடதுபக்கச் சீட்டில்தான் உட்கார வேண்டும். அவன் அதில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தான். ஈரம் வேட்டியில் ஏறியது.

கண்ணாடி முழுக்க வெள்ளை நுரை. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் நிழலாகத் தெரிந்தது. அவன் இழுத்தான். கை கூடவே வந்தது. மேல்பக்கம் ஏறியது. வலதுபக்கம் ஏறியது. கீழ்ப்பக்கம் ஏறியது. காற்று நின்றுபோயிருந்தது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

இடது மூலையில் கயிறு சிக்கியது.

"இங்க அழுத்துங்க சாமி."

கை வந்தது. மூலையில் பதிந்தது. அவன் மூச்சைப் பிடித்து இழுத்தான். ரப்பர் சப்பென்று உட்கார்ந்தது. கயிறு கையோடு வந்துவிட்டது. வேலை முடிந்தது. வெளியே அந்தக் கை எடுக்கப்படவில்லை. அங்கேயே இருந்தது.

"போதும் சாமி, உட்கார்ந்துருச்சு."

கை விலகியது.

சோலைமலை இறங்கினான். வண்டியருகில் யாரும் இல்லை. வெள்ளத்தாயி கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில், கரட்டுச் சரிவில், சாமி மடத்து மாட்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கட்டை அவுத்துக்கிட்டு ஓடிருச்சு சனியன். மேல்பக்கம் முடிஞ்சதும் போனேன். நிறுத்துடான்னு கத்தினேனே, காது அடைச்சுப் போச்சா? மிச்சத்தை எப்படி ஏத்தினே?"

சோலைமலை கண்ணாடியைக் காட்டினான்.

இடது மூலையில், நுரையின் மேல், ஒரு சின்ன உள்ளங்கை. நான்கு விரல்கள் நீளமாகப் பதிந்திருந்தன. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

சாமி கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு மாட்டைக் கட்டிவிட்டு வந்து, ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அந்த மூலையில் வீசினார். நுரை போயிற்று. கையும் போயிற்று. இன்னொரு வாளி. இன்னொன்று. சோலைமலை உள்ளே தலையை நீட்டிக் காதைக் கொடுத்தான்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

அவன் தலையை வெளியே எடுத்தான்.

"அடைச்சுட்டோமே சாமி. இனி அவ…"

"அடைக்க வேண்டாம்னு சொன்னது நீ" என்றார் சாமி. "அவ சொன்னாளா?"