ஆணியில் தொங்கிய நியாயம்

தூத்துக்குடி ஆட்டோ ஒன்றில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. இடது கைப்பிடியின் கிளட்ச் பிடிதான் அதற்குச் சிம்மாசனம். நிறைந்த தூக்குச்சட்டியோடு காலையில் அங்கே தொங்கிவிட்டால், வண்டியே தன்னால்தான் ஓடுகிறது என்று அதற்கு நினைப்பு.

கியர்பெட்டிக்கோ கெட்ட பெயர். ஓட்டுநர் சேவியர் இடது கைப்பிடியை மேலே திருகி முதல் கியர் போடுவார்; கிளட்ச் பிடியும் கூடவே மேலே எழும்பும். வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் போதும், கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு தொல்லையும் இராது.

"சோம்பேறி! காலையில் மட்டும் உனக்கு உடம்பு வணங்காதோ?" என்றது பை.

"நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேலேயிருந்து யாரோ இழுக்கிறார்கள்," என்றது கியர்பெட்டி.

கிளட்ச் பிடிக்கு விஷயம் தெரியும். "நீ ஒரு நாள் சீட்டுக்குக் கீழே இருந்து பாரேன்," என்று பையிடம் மெல்லச் சொன்னது.

பைக்குச் சுருக்கென்றது. "சேவியர் வயிற்றுக்கே நான் பொறுப்பு. என்னைக் காலடியில் கிடக்கச் சொல்கிறாயா?"

ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். மெக்கானிக் இசக்கிமுத்து மரியாதை தெரிந்தவர். "மொதல்ல பையை அந்த ஆணில மாட்டுங்க அண்ணாச்சி. எண்ணெ பட்டுரும்," என்றார்.

பிறகு வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்தார். "கியர் நல்லாத்தான விழுது?"

"எங்கிட்ட மட்டும்தாம்டே மக்கர் பண்ணுது!"

எத்தனை முறை போனாலும் இதே கதைதான். கடைசியில் சேவியருக்குப் பொறுமை போயிற்று. "சவாரிக்கு ஏறுன ஆளெல்லாம் எறங்கிப் போறாவடே. பொட்டியவே மாத்திரு."

"என் பல் ஒன்றுகூடத் தேயவில்லையே!" என்று கதறியது கியர்பெட்டி. பாவம், அது சொன்னது சத்தியம். பழைய இரும்புக் குவியலில் போய் விழுந்தது. ஆணியில் தொங்கிய பைக்கோ, நியாயம் கிடைத்துவிட்ட நிம்மதி.

மறுநாள் காலை புதுக் கியர்பெட்டியோடு வண்டி கிளம்பியது. பை நிறைந்த வயிற்றோடு தன் இடத்தில் தொங்கியது. முதல் பள்ளத்திலேயே கியர் நழுவியது.

"யாரோ என்னை இழுக்கிறார்கள்!" என்று பதறியது புதுப்பெட்டி.

கிளட்ச் பிடி இந்த முறை வாயைத் திறக்கவில்லை. இரும்புக் குவியலை அதுவும் பார்த்திருந்தது.

"உங்கள் குடும்பத்துக்கே இதுதான் புத்தியா?" என்று சலித்துக்கொண்ட பை, இன்னும் கொஞ்சம் வாகாகத் தொங்கிக்கொண்டது.