அத்திப்பழம் கேட்ட ஊற்று

வறண்ட காட்டாற்றில் ஓர் ஊற்று இருந்தது. யானை தோண்டியது, காடே குடித்தது. குடித்தவர் யாரானாலும், உள்ளே சரிந்த மணலைக் காலால் வெளியே தள்ளிவிட்டுத்தான் போவார்கள். முயல்கூடத் தன் பங்குக்குத் தள்ளும். அந்த ஊற்றை நம்பித்தான் புள்ளிமான் அந்தக் கோடையில் குட்டி ஈன்றிருந்தது.

நரி புலிராஜாவிடம் போனது.

"ராஜா, ஊற்று கேட்பாரில்லாமல் கிடக்கிறது! கண்டவர்களும் கால் வைக்கிறார்கள். என்னிடம் விடுங்கள், கண்ணாடி போல வைத்திருக்கிறேன்!"

"எனக்கு?"

"உங்களுக்கு என்றைக்கும் இலவசம்!"

புலி தலையாட்டியது. காட்டை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஊற்றைச் சுற்றி முள்வேலி. வாசலில் நரி.

"ஒரு வாய் தண்ணீருக்கு ஓர் அத்திப்பழம்! ராஜா உத்தரவு!"

"யானை தோண்டிய ஊற்றுக்கு வாசல் வைக்க நீ யாரடா?" மான் கொதித்தது.

"இதுதான் அக்கா வளர்ச்சி! உனக்குப் புரியாது."

குட்டியின் நாக்கு உலர்ந்துகொண்டிருந்தது. குரங்குகள் உதிர்த்த பழத்தை மான் தான் தின்னாமல் கவ்விவந்து நரியிடம் கொடுத்தது. தானும் குட்டியும் குடித்ததும், பழக்கத்தில் மணலைத் தள்ளக் காலைத் தூக்கியது.

பின்னால் நின்ற காட்டுப்பன்றி சிரித்தது. "பழத்தையும் கொடுத்துவிட்டு வேலையும் செய்வாயா? பிழைக்கத் தெரியாதவளே! நரி தள்ளட்டும்!"

மானுக்கும் அது நியாயமாகவே பட்டது. காலை இறக்கிக்கொண்டது. பிறகு யாருமே தள்ளவில்லை. நரியோ பழத்தைக் குவித்ததே தவிர, மணலைத் தொடவில்லை.

மணல் சரிந்தது. நீர் சுருங்கியது.

"தட்டுப்பாடு!" என்றது நரி. "இனி ஒரு கொத்துப் பழம்!"

ஒரு காலையில் ஊற்று தூர்ந்தே போனது. நரி புலியிடம் ஓடி, "எனக்கு எவ்வளவு நஷ்டம், ராஜா!" என்று அழுதது. ஈடாகப் பக்கத்து மலைச்சுனையையும் புலி அதற்கே கொடுத்தது! அன்றே அங்கேயும் முள்வேலி எழுந்தது.

இங்கே குட்டி மண்ணில் சாய்ந்துவிட்டது. மான் வேலியை முட்டித் தள்ளியது. குளம்பு நோக மணலைப் பறித்தது. பன்றி வெட்கத்தோடு வந்து மூக்கால் கிளறியது. யானையும் வந்தது, முயலும் வந்தது.

"என் ஊற்று! புலியைக் கூப்பிடுவேன்!" என்று நரி கத்தியது.

"கூப்பிடு," என்றது யானை. "அதற்கும் தாகம்தானே!"

ஈரம் கசிந்தது. குட்டி தலை தூக்கிக் குடித்தது. மான் கடைசி மணலைத் தள்ளிவிட்டு, மலைச்சுனை இருந்த பக்கம் பார்த்தது.

"அங்கேயும் வேலி இருக்கிறது," என்றது. "வாருங்கள்!"

எல்லோருடைய உழைப்பிலும் ஊறும் பொதுச்சொத்தை ஒருவன் லாபத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் ஆட்சி, குடிமக்களின் தாகத்தை விற்கும் ஆட்சி.