மேற்கு அறையின் வெக்கை

வேலூர்ப் பக்கம் ஒரு பாறைக் குன்றின் அடியில் சின்னதாக ஓர் ஆசிரமம். அதன் குரு மங்கையர்க்கரசி அம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் தணிகாசலத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. பாதி ஆயுள் ஊரெல்லாம் ஏ.சி. மாட்டிப் பிழைத்தவர். அமைதி தேடி வேலூர் வெயிலுக்கு வந்து சேர்ந்த ஆளை என்னவென்று சொல்வது!

சமையல்காரப் பவுனம்மாளின் மகள் தேன்மொழி பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆசிரமத்து மேற்கு அறையில்தான் தாயும் பிள்ளையும். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ஓயாத அழுகை. தேன்மொழியின் மாமியார் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வருவேன். இதே வெக்கையா இருந்துச்சுன்னா அப்பவே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

பச்சை உடம்போடு அத்தனை தூரம் பஸ்ஸில் போகவேண்டுமே என்று மகள் அழுதாள். பவுனம்மாளும் அழுதாள்.

"நான் இருக்கேன்ல!" என்று நெஞ்சைத் தட்டினார் தணிகாசலம்.

முதலில் இன்னொரு ஃபேன் மாட்டினார். அது வெந்த காற்றையே சுற்றிச் சுற்றி அடித்தது. பிறகு தன் வீட்டுப் பழைய ஏ.சி.யை வண்டியில் ஏற்றி வந்து பொருத்தினார். சுவிட்சைப் போட்டதும் ஆசிரமத்து விளக்கெல்லாம் மங்கின. கிணற்று மோட்டார் முனகி நின்றது. ஃபியூஸ் போயே போச்சு. மோட்டாரடியில் குளித்துக்கொண்டிருந்தவர் தலை நிறைய சோப்போடு வந்து திட்டினார்.

தணிகாசலம் குருவிடம் ஓடினார்.

"அம்மா, பெரிய ஜெனரேட்டர் வாங்கணும். அறை குளிர வேற வழியே இல்லை."

"செருப்பைக் கழட்டிட்டு மாடிக்கு வாங்க."

உச்சி வெயில். மொட்டை மாடியில் காலை வைத்ததும் அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, திருவிழாவில்கூட அப்படி ஒன்றைப் பார்க்க முடியாது.

"அய்யய்யோ, சுடுது!"

"இதுக்குக் கீழதான் குழந்தை படுத்திருக்கு" என்றார் குரு.

தணிகாசலத்தின் முகம் விழுந்துவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் அறையிலிருந்து ஏ.சி.யையும் இரண்டாவது ஃபேனையும் கழற்றிவிட்டு, மாடி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். மறுநாள் காலையில் மேற்குச் சுவரை மறைத்துத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினார். வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தால், குரு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருக்கிறார்.

"பட்டப்பகல்ல சாத்துறீங்களே, காத்து வேணாமா?"

"வெளியே கையை நீட்டிப் பாருங்க."

நீட்டினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் ஊரே ஜன்னலைச் சாத்தும். அவரும் சாத்தப் போனார். குருவோ ஜன்னலின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார்.

"கொசு வருமே அம்மா!"

"கொசுவுக்கு வலை போதும். நல்ல காத்தை ஏன் விரட்டுறீங்க?"

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கையோடு ஜன்னலுக்கு வலையும் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடுமதியம் மாமியார் வந்தாள். சண்டைக்கு வந்த முகம். அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். பிள்ளை முஷ்டியை மடக்கிக்கொண்டு அசந்து தூங்கியது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள்.

"ஏ.சி.யை எங்க வெச்சிருக்கீங்க?"

தேன்மொழி வாய்விட்டுச் சிரித்தாள். தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏ.சி.யாவது ஒண்ணாவது! ஒரே ஒரு ஃபேன், அதுவும் மெதுவா ஓடுது. நல்லாப் பாருங்க!"

மாமியார் மோர் வாங்கிக் குடித்தாள். "பிள்ளை தேறட்டும், அவசரம் என்ன" என்று பேரன் பக்கத்தில் தானும் படுத்துவிட்டாள். பவுனம்மாள் அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பாயசத்துக்கு வெல்லம் தட்டினாள். ஆசிரமமே கல்யாண வீடாகிவிட்டது.

தணிகாசலம் மட்டும் குருவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, எத்தனையோ வீட்டுக்குக் குளிர்ச்சியைக் கொண்டுபோய் மாட்டினவன் நான். இங்க அப்படி எதையும் கொண்டுவரலையே. இது எங்கேருந்து வந்துச்சு?"

"அது எங்கேயும் போகலை. நீங்கதான் தினமும் ஜன்னலைத் திறந்து வெயிலைக் கூப்பிட்டு உக்கார வெச்சீங்க. ராத்திரி அந்த வெக்கை கிளம்பப் பார்த்தா, ஜன்னலை வேற பூட்டினீங்க."